இரண்டு அரசாங்கம், ஒரு விதானை

2004ஆம் ஆண்டு ஈச்சிலம்பற்றில் எங்களுக்கு இரண்டு அரசாங்கங்கள். விதானைக்கும் வாத்திமாருக்கும் சம்பளம் போடுவது ஒன்று. வழக்குத் தீர்ப்பது, வரி எடுப்பது, இராத்திரியில் யார் எங்கே போகிறான் என்று கேட்பது மற்றது, கிளிநொச்சியில் இருந்த புலிகளுடையது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த ஒப்பந்தம் கடதாசியில் பத்திரமாக இருந்தது. திருகோணமலைக்குப் போவதென்றால் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, மூதூர் போய், அங்கிருந்து லோஞ்ச் பிடிக்க வேண்டும். மட்டக்களப்புப் பக்கம் போக வெருகல் ஆற்றில் பாதைப் படகு. பாலமெல்லாம் பிறகு வந்த சங்கதி. இரண்டு அரசாங்கம் இருந்தால் கவனிப்பும் இரண்டு மடங்கு இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஒவ்வொன்றும் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டதுதான் நடந்தது.

டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி குலுங்கியபோது எங்கள் மணிக்கூட்டில் ஏழு மணியாக இரண்டு நிமிடம் இருந்தது. கிழக்குக் கரைக்குக் கடல் ஏறி வந்தது எட்டரைக்குப் பிறகு. இடையில் கிடந்த ஒன்றரை மணித்தியாலத்தில் கொழும்பும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, கிளிநொச்சியும் சொல்லவில்லை. இலங்கைத்துறை முகத்துவாரத்திலிருந்தும் வாழைத்தோட்டத்திலிருந்தும் ஓடி வந்த சனம்தான் சொன்னது: "கடல் வருகுது, ஓடுங்க." ஜனாதிபதி சந்திரிகா அம்மையார் அன்று லண்டனில் இருந்தார். நாடு முழுவதும் செத்தவர்கள் 35,000 பேருக்கு மேல். 1978 கார்த்திகைச் சூறாவளியை வைத்தே எல்லா அழிவையும் அளக்கும் எங்கள் கிழவிகள் அன்றைக்கு அளவுகோலை மாற்றிக்கொண்டார்கள்.

நான் அந்தக் காலத்தில் ஊரில் பெட்டிசம் எழுதுகிறவன். எழுத்து வடிவாயிருக்கும் என்பதால் தலையில் விழுந்த வேலை. காசு வாங்குவதில்லை; மீன் கொண்டுவந்து வைப்பார்கள். சுனாமிக்குப் பிறகு மீன் நின்றது, பெட்டிசம் பெருகியது. ஒரே முறைப்பாட்டை இரண்டு விதமாக எழுத வேண்டும் என்பதுதான் தொழில் நுட்பம். அரசாங்க அதிபருக்குப் போகும் பிரதியில் "இவ்விடத்து நிர்வாகச் சிக்கல்களால்" என்று எழுதுவேன். அரசியல்துறைக்குப் போகும் பிரதியில் "அரசின் பாராமுகத்தால்" என்று எழுதுவேன். இரண்டிலும் கேட்பது ஒரே தறப்பாளும் ஒரே அரிசியும்தான். கோபத்தை எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். யார் மேல் என்று நான் திருப்பிக் கேட்பேன். பேசாமல் போய்விடுவார்கள். போகிற வழியில் விதானையைக் கண்டால் அவரைப் பிடித்து ஏசுவார்கள். இரண்டு அரசாங்கத்துக்குமாகச் சேர்த்து ஏச்சு வாங்கியவர் அந்த ஒரு மனிதர்தான்.

நிவாரணக் கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபா, அதில் பாதி சாமானாக, பாதி காசாக. குடும்பத்துக்கு மாதம் 5,000. சட்டி பானைக்கு 2,500. செத்தவருக்கு 15,000. முற்றாக உடைந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம், அதுவும் கட்டம் கட்டமாக. வீடு உடைந்ததற்கு அத்தாட்சி வேண்டும். முகத்துவாரத்துப் பெரியம்மா ஒருத்தியின் விண்ணப்பத்துக்கு நான்தான் துணைக்குப் போனேன். பதிய வந்த உத்தியோகத்தர் கமராவோடு நின்று, "வீடு எங்க அம்மா?" என்றார். மணலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள்: "அதத்தானே மனே நானும் கேக்கன்." கடைசியில் பாதி புதைந்து கிடந்த அம்மியைக் கிண்டி எடுத்து, அதற்குப் பக்கத்தில் அவளை நிற்க வைத்துப் படம் எடுத்தோம். படத்தின் பின்னால் நான் எழுதினேன்: "குசினி இருந்த இடம்." உத்தியோகத்தர் நல்ல மனிதர், ஏற்றுக்கொண்டார். மேலே இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்களா என்று தெரியவருமுன் சண்டை வந்துவிட்டது.

வந்து குவிந்த உதவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தை மாதத்து உப்புக் காற்றில் எங்கள் பொடியன்கள் பனிநாட்டுக் கம்பளிக் கோட்டுகளோடு கரைவலை இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கூடாரத்தைவிட அதைக் கொடுத்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை பெரிதாக இருந்தது. ஒரு நல்ல பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்ட கெட்டிக்காரனும் ஊரில் உண்டு. கொழும்பிலிருந்து வந்த பெரிய உதவி ஒரு தடை. கடலோரத்தில் தெற்கே 100 மீற்றருக்குள்ளும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது. கடல் தெற்கில் பாதித் தூரம்தான் வரும் என்று யார் அளந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிற்பாடு அந்தச் சட்டம் தளர்ந்தது. இன்றைக்கு முகத்துவாரத்துப் பாறையில், அலை தெறிக்கும் தூரத்தில், லங்காபட்டுன விகாரை நிற்கிறது. பஸ் பஸ்ஸாக யாத்திரிகர் வருகிறார்கள். மீற்றர் கணக்கு வாடி போட்டவனுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இப்போது பொதுக்கட்டமைப்பின் கதை. இளசுகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. சுனாமி உதவியை அரசும் புலிகளும் சேர்ந்து பங்கிட 2005 ஜூன் 24ஆம் திகதி ஓர் உடன்படிக்கை கைச்சாத்தானது. கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் அது செல்லும். முஸ்லிம்களுக்கும் குழுவில் இடமிருந்தது, ஆனால் கையெழுத்துப் போட அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களுடைய கோபமும் நியாயமானதுதான். கையெழுத்து விழுமுன்பே, ஜூன் 16ஆம் திகதி, மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. பிறகு அதன் உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜூலை 15ஆம் திகதி, பிராந்திய நிதி உட்பட முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விழுந்தது. அதோடு சரி. ஈச்சிலம்பற்றில் அன்று நான் எழுதிக்கொண்டிருந்த பெட்டிசத்தில் "பொதுக்கட்டமைப்பின் மூலம்" என்று ஒரு வரி இருந்தது. அதை வெட்டிவிட்டு "ஏதாவதொரு வழியில்" என்று மாற்றினேன்.

தெற்கிலும் அப்போது ஆத்திரம் இல்லாமலில்லை. பிரதமர் மகிந்த ராஜபக்ஷவின் 'ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை' கணக்கில் சுனாமிக் காசு சேர்ந்தது பற்றிப் பெரிய சத்தம். பொலிஸ் விசாரணையை உயர் நீதிமன்றம் நிறுத்தியது. அந்தத் தீர்ப்புக்காகப் பிரதம நீதியரசராயிருந்த சரத் என். சில்வா 2014இல் நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார். இத்தனை வருடம் கழித்தாவது ஒருவர் வருத்தம் தெரிவித்தாரே என்று நான் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டேன்.

2006 ஜூலையில் மாவில் ஆற்றுக் கதவு மூடப்பட்டது. தண்ணீர்த் திட்டம் கேட்டு மக்கள்தான் மூடினார்கள் என்றது புலிகள் தரப்பு. ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வயல் காய்கிறது என்றது அரசு. இரண்டு பேரும் அன்றைக்கு எங்கள் தண்ணீரில் காட்டிய அக்கறையைச் சுனாமிக்குக் காட்டியிருக்கலாம். விமானம் வந்தது, ஷெல் வந்தது. சுனாமிக் கொட்டில்களை விட்டுவிட்டு வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் ஓடினோம். நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் ஷெல் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும். 2007இல் திரும்பி வந்தபோது எங்களுக்கு ஓர் அரசாங்கம்தான் இருந்தது.

இனி இந்தக் காலத்துக்கு வருவோம். 2024 பொதுத்தேர்தலில் மக்கள் விடுதலை முன்னணி தலைமையிலான தேசிய மக்கள் சக்தி நாட்டில் 159 ஆசனம் எடுத்தது. திருகோணமலை மாவட்டத்தின் நான்கில் இரண்டு அவர்களுக்கு. எங்கள் பக்கத்திலும் போட்டார்கள். நான் குறை சொல்ல மாட்டேன், பழைய முகங்களைப் பார்த்து அலுத்த சனம். ஆனால் 2005இல் பொதுக்கட்டமைப்பு வேண்டாமென்று அமைச்சை உதறிவிட்டு வெளியேறியவர்களில் ஒருவர் அப்போதைய விவசாய, நீர்ப்பாசன அமைச்சர். பெயர் அநுர குமார திசாநாயக்க. இதைச் சொன்னபோது என் மருமகன் நம்பவில்லை, ஃபோனில் தட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "மாமா, அப்ப நான் தொட்டில்ல" என்றான். நியாயமான பதில்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டை உலுக்கியது. சாவு 600ஐத் தாண்டியது; அதிகமும் மலைநாட்டில், மண்சரிவில். எங்களுக்குப் புயலின் காற்றை விடக் கண்டியின் மழைதான் எதிரி. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவுக்கு வருகிறது, அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. புயல் இந்தியக் கரைப் பக்கம் ஏறிப் போன பிறகு, 30ஆம் திகதி, மாவில் ஆற்றின் அணைக்கட்டு உடைந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு சண்டையையே தொடக்கி வைத்த தண்ணீர், இம்முறை யாரும் கதவு திறக்காமலே வந்தது. சேருவில, மூதூர், வெருகல் பிரிவுகளின் தாழ்நிலம் எல்லாம் கடலாயிற்று. சிக்கினவர்களை ஹெலிகொப்டரில் தூக்கினார்கள். 2004இல் எங்களைத் தூக்க எதுவும் வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணக்குப் பாருங்கள். சுமாத்திராவிலிருந்து கடல் வர ஒன்றரை மணித்தியாலம், யாரும் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் சொல்ல ஒரு நிலையமும் இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் நிலையமும் வந்தன. கண்டி மழை வெருகலுக்கு வர ஒன்றரை நாளுக்கு மேலேயே இருந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் அரசு அசட்டை செய்தது என்று எதிர்க்கட்சி சொன்னது, இல்லை என்றது அரசு. அந்த வழக்கில் நான் சாட்சியில்லை. தமிழில் எச்சரிக்கை பிந்தியும் குறைவாகவும் வந்தது என்று நாடெங்கும் எழுந்த முறைப்பாட்டுக்கு மட்டும் நான் சாட்சி. எனக்கு வந்த தகவல் மூதூரிலிருந்து மச்சான் எடுத்த கோல்தான். அவன் இலாகா எதிலும் வேலை செய்யவில்லை, மீன் யாவாரம்.

இப்போது பெட்டிசம் யாரும் எழுதுவதில்லை. மருமகன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "எங்கே அரசாங்கம்?" என்று கத்தி வீடியோ போட்டான். விதானை எழுதித் தரச் சொன்ன கடிதத்தை எழுத அவனுக்குப் பொறுமையில்லை. அந்தக் கிழமையில் அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தது. ஜனாதிபதியையும் அமைச்சர்களையும் அவதூறு செய்கிறவர்கள்மீது அதன் கீழ் நடவடிக்கை எடுக்கும்படி பிரதியமைச்சர் ஒருவர் பொலிஸாருக்குச் சொன்னார். நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. 1971இலும் 1980களின் கடைசியிலும் அதே சட்டத்தின் அடியைத் தன் முதுகில் வாங்கிய கட்சி மக்கள் விடுதலை முன்னணி. மருமகன் வீடியோவை அழிக்கவில்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டான். இரண்டு பிரதி எழுதிய என் கைக்கு அது நன்றாக விளங்கியது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்த அரசு வீடு துப்புரவாக்க 25,000 தந்தது, தட்டுமுட்டுக்கு வேறாக, வீடு போனவருக்கு 50 இலட்சம் வரை என்றது. அந்த நாளின் இரண்டரை இலட்சத்தோடு விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தாலும் பெரிய காசு. ஆனால் வெள்ளம் வீட்டுக்குள் வந்ததா, வளவோடு நின்றதா என்று தீர்மானிக்கிறவர் விதானை. சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று அவர் அடிமட்டத்தோடு வீடு வீடாகப் போகிறார். ஒரு வீட்டில் கோடு தெரியாமல், வீட்டுக்காரி அவசரமாகச் சேற்றைத் தேய்த்து ஒரு கோடு போட்டதையும் நான் கண்டேன். அவளுக்கு உண்மையாகவே தண்ணீர் வந்தது. பண்டிகைக்கு முன் சுவரைக் கழுவிவிட்டாள், அவ்வளவுதான். கொழும்பில் ஆத்திரம் பாராளுமன்றத்தில். எங்கள் ஊரில் அது இன்னும் விதானையின் படலையில்தான் நிற்கிறது.

ஏசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். மகாவலியின் மேல் அணைகளில் கதவு திறந்தால் எத்தனை மணித்தியாலத்தில் வெருகலுக்குத் தண்ணீர் வரும் என்று தமிழில் எழுதி, சித்திரவேலாயுதர் கோயில் மதிலிலும் ஒவ்வொரு பாடசாலை வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். மாவில் ஆற்று அணைக்கட்டின் திருத்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் செய்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். தகவல் அறியும் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள். விதானையை விடுங்கள். அவர் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்தது. தன் வீட்டைத் தானே சரிபார்த்து ஒப்பமிட முடியாது என்பதால் அவருடைய 25,000 இன்னும் வரவில்லை.