மாமனாரைத் துரத்திய மாப்பிள்ளை

கல்யாணச் செய்தியைக் கேட்டதும் மணப்பெண் அழுதாள். வெட்கத்தில் வரும் ரெண்டு சொட்டுக் கண்ணீர் இல்லை. சாயந்திரம் முழுக்க அழுதாள், மறுநாளும் விடாமல் அழுதாள். பெயர் மேரி, வயது 15. 1677 அக்டோபரில் அப்பா ஜேம்ஸ் தனியறைக்குக் கூட்டிப்போய், ஹாலந்து வில்லியத்தோடு பேசி முடித்தாயிற்று என்று சொன்னதன் விளைவு.

மாப்பிள்ளையைப் பார்த்தால் நீங்களும் லேசாகக் கண்கலங்குவீர்கள். கழுகு மூக்கு, விடாத ஆஸ்துமா, உயரத்தில் பெண்ணைவிட நாலைந்து அங்குலம் கம்மி. ஒரே ப்ளஸ் பாயின்ட், முறை பக்காவாக இருந்தது. வில்லியத்தின் அம்மா, ஜேம்ஸின் கூடப்பிறந்த அக்கா. அசல் அத்தை மகன்!

சம்பந்தத்தை முடித்துவைத்தவர் பெரியப்பா, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ். யார் இவர்? 1672-ல் பிரான்ஸின் பதினான்காம் லூயியிடம் ரகசியமாகப் பணம் வாங்கிக்கொண்டு, இதே வில்லியத்தின் நாட்டின்மேல் போர் தொடுத்த மகானுபாவர். இப்போது தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கராக மாறிவிட்டதில் பார்லிமென்ட் கொதித்துக்கொண்டிருந்தது. ஆறவைக்க அவசரமாக ஒரு புராட்டஸ்டன்ட் மாப்பிள்ளை வேண்டும். தங்கை பையன்தான் இருக்கவே இருக்கிறானே! ஜேம்ஸின் கனவில் இருந்ததோ பிரெஞ்சுப் பட்டத்து இளவரசர். அண்ணன் மன்னராயிற்றே, தலையாட்டிவிட்டார்.

நவம்பர் 4, இரவு ஒன்பது மணி, செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை. மேரியின் படுக்கையறையே மண்டபம். மாப்பிள்ளைக்கு அன்று 27-வது பிறந்தநாள் வேறு. அறையில் குஷியாக இருந்த ஒரே ஆசாமி சார்லஸ். ஜேம்ஸின் இரண்டாம் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. பையன் பிறந்தால் பட்டத்து வரிசையில் மேரி பின்னுக்குப் போய்விடுவாள். சீக்கிரம் முடியுங்கள் பிஷப், பையன் பிறந்து தொலைத்தால் காரியம் கெட்டுவிடும் என்று மன்னர் ஜோக்கடித்தார், மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே! தன் சொத்தெல்லாம் மனைவிக்கே என்று வில்லியம் சடங்குப்படி பொன்னும் வெள்ளியும் எடுத்து வைத்தபோது, அத்தனையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளம்மா, சுத்த லாபம் என்று மேரிக்கு அட்வைஸ்.

மூன்றாம் நாள் பையன் பிறந்தே விட்டான். ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றது யார் என்கிறீர்கள்? நம்ம வில்லியமேதான். முகம் எப்படியிருந்திருக்கும்! பாவம், அந்தக் குழந்தை டிசம்பரைத் தாண்டவில்லை.

புறப்படும் நேரத்தில் மகாராணி கேத்தரின் மேரிக்கு ஆறுதல் சொல்லப் போனார். போர்ச்சுகலிலிருந்து வரும்போது நானும் உன் பெரியப்பாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையம்மா என்றார். நீங்கள் இங்கிலாந்துக்கு வந்தீர்கள், நான் இங்கிலாந்தை விட்டல்லவா போகிறேன் என்றாள் பெண். பதினைந்து வயதின் இந்த லாஜிக்குக்கு எந்த மகாராணியிடம் பதில் இருக்கிறது?

அப்படி அழுத பெண், போன இடத்தில் அதே புருஷன்மேல் உயிரையே வைத்துவிட்டாள். ஜேம்ஸ் கணக்கில் வராத ஐட்டம் இது.

அண்ணனுக்குப் பிறகு மன்னரான ஜேம்ஸுக்கு 1688 ஜூனில் மறுபடியும் ஒரு பையன் பிறந்தான். கத்தோலிக்க வாரிசு! குழந்தை அசலே இல்லை, படுக்கையைச் சூடாக்கும் கணப்புச் சட்டியில் வைத்து அறைக்குள் கடத்திவந்தது என்று ஊரெல்லாம் புரளி. இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் ஏழு பேர், படையோடு வாருங்கள் என்று வில்லியத்துக்குக் கடிதம் போட்டார்கள். மாப்பிள்ளை பெரும் படையோடு டோர்பேயில் வந்து இறங்கினார். தேதி நவம்பர் 5. அதாவது, கல்யாண நாளுக்கு மறுநாள்.

மேரி புருஷன் பக்கம் நின்றாள். ஜேம்ஸ் அரச முத்திரையைத் தேம்ஸ் நதியில் வீசிவிட்டு ஓடினார். அது இல்லாமல் அரசாங்கம் எப்படி நடக்கும் பார்க்கலாம் என்ற எண்ணம். ஆனால் கென்ட் கடற்கரையில் மீனவர்கள் பிடித்து, மரியாதையில்லாமல் சோதனை போட்டு, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வில்லியத்துக்குத் தலைவலி. சொந்தத் தாய்மாமனை, பெண் கொடுத்த மாமனாரைச் சிறையில் போட்டால் ஊர் காறித் துப்பும். ரோச்செஸ்டரில் ஒரு வீட்டில் தங்கவைத்தார். வாசலில் பலத்த காவல் போட்டார். கொல்லைப்புறத்தை அம்போவென்று விட்டுவிட்டார். டிசம்பர் 23 அதிகாலை ஜேம்ஸ் பூனைபோல் பின்வாசல் வழியே நழுவி, பிரான்ஸுக்குத் தப்பினார். யாரும் கவனிக்கவே இல்லையாம்!