நம்பர் வாங்கும் அண்ணாச்சி

புளியரை எஸ் வளைவில் நின்றுபோன காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி, சாரலில் நனைந்துகொண்டே இலஞ்சி வரை கொண்டுவந்து, வீட்டு வாசலில் ஒரு கீறல் விழாமல் இறக்கிவிட்டு டிரைவர் நிமிர்வார். சங்கிலியைச் சுருட்டுவார். ஈரக் கையைச் சட்டையில் துடைப்பார். உடனே கிளம்பமாட்டார்; வாய் திறந்து எதுவும் கேட்கவும் மாட்டார். அந்த அரை நிமிடத்தில்தான் அண்ணாச்சி சட்டைப் பைக்குள் கையை விடுவார். வெளியே வருவது செல்போன்.

"தம்பி, ஒங்க நம்பரைச் சொல்லுங்க."

ராத்திரி மணி பதினொன்றரை. டிரைவர் சொல்வார். அண்ணாச்சி, "பொறுங்க, கண்ணாடி உள்ள இருக்கு" என்று வீட்டுக்குள் போவார். திரும்பி வந்து, முதல் நான்கு எண்களை மட்டும் போட்டுவிட்டு, "அதுக்கு அப்புறம்?" என்பார். பத்து எண்ணும் ஏறி முடிந்ததும் பெயர்ப் பிரச்சினை.

"பேரு?"

"முருகன்."

"முருகன் ஏகப்பட்டது கெடக்கு. ரெக்கவரி முருகன்னு போட்டுக்கிடுதேன்... ஏ, அதுவும் இருக்கே! சரி, ரெக்கவரி முருகன் புளியரை."

பிறகு மிஸ்டு கால். டிரைவரின் பைக்குள் மணி அடிக்கும். "வருதா? அதான் நம்ம நம்பர். இலஞ்சி அண்ணாச்சின்னு போட்டுக்கிடுங்க." அவர் போட்டு முடித்துத் திரையைக் காட்டும் வரை விடமாட்டார். கடைசியில் தோளில் ஒரு தட்டு. "இனிமே இந்த வட்டாரத்துல எவன் வண்டி நின்னாலும் ஒங்களுக்குத்தான் போன். செங்கோட்டை, தென்காசி, குத்தாலம், எல்லாப் பயலுக்கும் சொல்லிருதேன். பைய போயிட்டு வாங்க."

டிரைவர் "சரி அண்ணாச்சி" என்று வண்டியை எடுப்பார். அண்ணாச்சியின் முகத்தில் ஒரு குடும்பத்துக்கே வாழ்வு கொடுத்துவிட்ட நிறைவு.

இந்த வாக்குறுதியின் மதிப்பு என்னவென்று டிரைவருக்கு நன்றாகத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியின் கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிட்டால், எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்திருப்பவர் எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்கிறார். அதில் அண்ணாச்சியின் சிபாரிசு நுழைய இடமே இல்லை. அட, அவருடைய கார் அடுத்த முறை நின்றபோது அவராவது ரெக்கவரி முருகன் புளியரையைக் கூப்பிட்டாரா? அதே இலவச எண்ணைத்தான் கூப்பிட்டார். வந்தது வேறொரு டிரைவர். அவரிடமும் நம்பர் வாங்கினார்.

டிப்ஸ் கொடுக்கக் கை நீளாததற்கு அண்ணாச்சியிடம் காரணங்கள் உண்டு. "எல்லாம் பாலிசியில வந்துரும்லா" என்பது முதல் காரணம். பாலிசியை அவர் படித்ததில்லை. சாதாரண கார் பாலிசியில், விபத்தில் சிக்கிய வண்டியை அருகிலுள்ள ஒர்க் ஷாப் வரை கொண்டுபோக 1,500 ரூபாய் வரை கிடைக்கும், அவ்வளவுதான். சும்மா நின்றுபோன வண்டிக்குத் தனியாகப் பணம் கட்டி ஒரு சேவையைச் சேர்த்திருக்க வேண்டும். அண்ணாச்சியின் மகன் சேர்த்திருக்கிறான். அதிலும் வண்டிக்கூலிதான் அடக்கம். டிரைவர் மழையில் ரோட்டில் படுத்துக் கொக்கி மாட்டியதற்கு எந்தப் பாலிசியிலும் பத்தி கிடையாது.

இரண்டாவது காரணம் பண்பாடு. அமெரிக்காவில் மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஹோட்டல் பில்லுக்கு மேல் நூற்றுக்கு இருபது வைத்ததைப் பார்த்து மகனோடு சண்டை போட்டவர். அதை அந்த டிரைவரிடமே சொல்வார்: "அங்கெல்லாம் டிப்ஸ் வைக்கலேன்னா மூஞ்சியைப் பாத்து சிரிக்க மாட்டான் தம்பி. எல்லாம் துட்டு. நம்ம ஊரு அப்படியா? இங்க பாசம்லா!" டிரைவர் அந்தப் பாசத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

மற்றபடி, கார் மேலே ஏறும்போது குடை பிடித்துக்கொண்டு "பைய... பைய..." என்று மேற்பார்வை செய்வது, இறங்கியதும் டார்ச் அடித்துக் கீறல் தேடுவது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். விட்டுவிடலாம்.

அண்ணாச்சி கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்குக் கேட்டதைக் கொடுப்பார். கூட நாலு சேக்காளிகள் இருப்பார்கள். புதுக் கார் வாங்கியதும் இலஞ்சிக் குமாரர் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தட்டில் இருநூறு ரூபாய் போட்டார். வண்டி நன்றாக ஓட வேண்டிக்கொண்டதற்கு இருநூறு. ஓடாத வண்டியை வீட்டில் சேர்த்ததற்கு ஒரு மிஸ்டு கால்.

பார்த்துக்கொண்டே வந்தால் ஒன்று புரியும். நாலு பேர் பார்க்கிற இடத்திலும், நோட்டில் ஏறுகிற இடத்திலும் அண்ணாச்சியின் கை தாராளம். மொய் எழுதுவார், கோயில் டியூப்லைட்டுக்கு உபயம் கொடுப்பார். நடுராத்திரி வாசலில், சாட்சியே இல்லாமல், ரசீதும் இல்லாமல், திரும்பி வராது என்று தெரிந்து ஒரு நூறு ரூபாயைக் கொடுப்பதற்கு அவருடைய கணக்குப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

ஆனாலும் அந்த நம்பர்கள் வீண்போவதில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு அத்தனை ரெக்கவரி முருகன்களுக்கும் வேல் படம் போட்ட காலை வணக்கம் போய்விடும். ஒரு டிரைவர் பதில் வணக்கம் போட்டுப் போட்டுப் பழகி, மகள் சடங்குக்குப் பத்திரிகை அனுப்பினார். அண்ணாச்சி சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, வடகரை வரை பஸ்ஸில் போய் 501 ரூபாய் மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு வந்தார். "நல்ல பய. எம் மேல என்ன மரியாதை தெரியுமா" என்று ஒரு வாரம் பேசினார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அவரை வெறுக்க முடியாமல் போவது இந்த மாதிரி நேரங்களில்தான்.

இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெரும்பாலான ரெக்கவரி வண்டிகள் டிரைவருக்குச் சொந்தம் கிடையாது. கம்பெனி கொடுப்பது முதலாளிக்குப் போகும். டிரைவருக்குச் சம்பளமோ பேட்டாவோதான். கேரளத்துக்குப் போகும் லாரிகள் இடைவெளி விடாமல் திரும்புகிற வளைவில், இருட்டில், முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு குனிகிற வேலை அது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தோளில் தட்டி அனுப்புவது மரியாதைக்கேடு. பாசம் என்ற பெயரைக் கொடுத்தால் அது மாறிவிடாது. என் அக்கா வீட்டுக்காரரை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை என்று அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

டிப்ஸ் கட்டாயம் இல்லை. அதட்டிக் கேட்கிற டிரைவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். ஆனால் மழை, ராத்திரி, மலைப்பாதை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்து, வண்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தால், நூறோ இருநூறோ கையில் கொடுங்கள். சில்லறை இருக்கிறதா என்று அவரிடமே கேட்காதீர்கள். ரொக்கம் இல்லையென்றால், வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் முதலாளியின் கணக்குக்குப் போய்விடும்.

டிரைவருடைய ஜிபே நம்பரைக் கேளுங்கள். நம்பர் வாங்க வேண்டியது அதற்குத்தான்.