சு.ரா.வை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சுந்தர ராமசாமியின் நாவல்களையும் நினைவுக் குறிப்புகளையும் கால வரிசைப்படி படிக்க ஆசை. எதில் தொடங்கலாம்?
– ஒரு வாசகி, வித்துரா

பதில்: எந்தக் காலம் என்று சொல்லுங்கள், அதற்கேற்ற வரிசை தருகிறேன்! வெளிவந்த காலம் என்றால் சுலபம். நாவல்கள் மூன்றே மூன்றுதான்: 'ஒரு புளியமரத்தின் கதை' (1966), 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981), 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998). அவசரப்படாத மனிதர்.

கதை நடக்கும் காலம் என்றால் வரிசை மாறிவிடும். கடைசியாக வந்த நாவல்தான் 1930களின் இறுதிக்குப் போகிறது. அதுவும் கோட்டயத்துக்கு! பாலு என்ற சிறுவனின் வீடு, அதட்டும் அப்பா, நோயில் படுத்த அம்மா. சு.ரா.வின் சொந்தக் குழந்தைப் பருவம் அதில் நிறைய உண்டு. திருவிதாங்கூர் மண்ணில் இருந்து கேட்கிறீர்கள், ஆகவே இதில்தான் தொடங்க வேண்டும். பருமனைப் பார்த்து மிரளாதீர்கள்.

அடுத்து நாகர்கோவில் புளியமரம். பிறகு ஜே.ஜே. அவன் மலையாள எழுத்தாளன், முழுக்கக் கற்பனை. ஆனாலும் ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று அவனைச் சாகவைத்துத்தான் நாவலே ஆரம்பிக்கிறது. என்ன துணிச்சல்!

ஜீவா, க.நா.சு., சி.சு. செல்லப்பா, கிருஷ்ணன் நம்பி என ஆளுக்கொரு நூலாக அவர் சொன்ன 'நினைவோடை' வரிசையை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நம்பியில் ஆரம்பியுங்கள், நண்பனைப் பற்றிப் பேசும்போது சு.ரா.வின் குரலே வேறு.