பட்ஜெட்டுக்குள் ஒரு வீடு

கேள்வி: சென்னையில் 12 ஆயிரம் ரூபாய்க்குள் வாடகை வீடு கிடைக்குமா? மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் என்றால் நல்லது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மயிலாப்பூரில் அந்தப் பணத்துக்கு மொட்டை மாடி அறை கிடைக்கலாம், மாம்பலத்தில் புரோக்கரின் சிரிப்பு நிச்சயம் கிடைக்கும். தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரி பக்கம் மின்சார ரயில் ஏறுங்கள். 'ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்' என்பார்கள். எந்த வண்டியில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரியா, கரண்ட் யூனிட் என்ன விலை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அட்வான்ஸ் பத்து மாதம் என்பது ஊர் வழக்கம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. கவலை வேண்டாம், அந்த 'வேறு ஒப்பந்தம்' ஹவுஸ் ஓனரிடம் டைப் அடித்துத் தயாராக இருக்கும். சட்டம் உங்கள் பக்கம். சாவி அவர் பக்கம்!