தொண்ணூறு நாளில் நியூட்டன்

2025 மார்ச்சில் சாதாரண தரக் கணிதப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தபோது, பாடசாலை வாசலில் அவர்களுக்காக நின்றவர்கள் உம்மாவோ வாப்பாவோ அல்ல, துண்டுப்பிரசுரக்காரர்கள். கற்பிட்டிக் கரையில் அந்த நேரத்தில் வாப்பாமார் கடலில் நிற்பார்கள். உம்மாமார் கருவாட்டு வாடியிலோ வெங்காயத் தோட்டத்திலோ குனிந்திருப்பார்கள். "எப்படி மகள் எழுதின?" என்று கேட்க ஆளில்லை. கையில் தாளைத் திணிக்க மட்டும் மூன்று பேர் இருந்தார்கள்.

மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. இணைந்த கணிதம், முழு சிலபஸும் 90 நாளில். நடுவில் கைகட்டி நிற்கும் ஒரு சேர், அவருக்குப் பின்னால் புகை கக்கிக் கிளம்பும் ரொக்கெட், மேல் மூலையில் ராமானுஜன். பாவம் ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு, கிடைத்த உதவித்தொகையையும் பறிகொடுத்த மனுசன். இங்கே பிறந்திருந்தால் ஆறு பாடம் தேறாமல் ஏ.எல். வகுப்பு வாசலோடு திரும்பியிருப்பார். துண்டுப்பிரசுரத்தில்தான் அவருக்கு இடம் கிடைக்கிறது.

அந்தத் தாளில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது. 'பெறுபேறு வரும்வரை காத்திருக்காதே.' நாட்டின் கல்விக் கொள்கை முழுவதையும் இத்தனை சுருக்கமாக எந்த அமைச்சரும் இதுவரை சொன்னதில்லை.

பரீட்சைத் திணைக்களத்தின் நாட்காட்டியைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சையைப் பிள்ளைகள் எழுதியது 2022 மே மாதம். பெறுபேறு வந்தது நவம்பர் கடைசியில். 2022க்குரியதை 2023 மே கடைசியில் தொடங்கினார்கள். பெறுபேறு வரும்போது டிசம்பர் வாசலில் நின்றது. 2023க்குரியது 2024 மேயில். பெறுபேறு செப்டெம்பர் கடைசி. இந்த 2024க்குரியதை 2025 மார்ச்சில் எழுதிவிட்டுத்தான் பிள்ளைகள் மஞ்சள் தாளோடு வாசலில் நின்றார்கள். எந்த ஆண்டில் இருக்கிறோம் என்பதிலேயே அரசாங்கத்துக்குச் சந்தேகம் இருக்கும்போது, பிள்ளையிடம் மட்டும் 'நேரம், தூரம், வேகம்' கேள்விக்கு விடை கேட்கிறார்கள்.

கொரோனா வந்தது, பொருளாதாரம் விழுந்தது, உண்மைதான். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைக்கு அச்சடிக்கத் தாளில்லை என்று ஒத்திவைத்த நாடு இது. ஆனால் அந்த நாட்களிலும் டியூசன் போஸ்டருக்குத் தாள் தட்டுப்பாடு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. 2023 தொடக்கத்தில் எழுதிய உயர்தரப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்த மாட்டோம் என்று பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் விலகி நின்றார்கள். வரி ஏறியது, சம்பளம் தேய்ந்தது, அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. விரிவுரையாளரின் கணக்கு அரசாங்கத்தோடு சரிவரும்வரை பிள்ளைகளின் கணக்குக் கட்டிலேயே கிடந்தது. பெறுபேறு வந்தது செப்டெம்பரில். இரண்டு பெரியவர்கள் சண்டைபிடித்தால் சின்னவன் சோற்றைத்தானே பறிப்பார்கள்.

எண்களோடு அரசாங்கத்துக்கு எப்போதுமே ஒத்துவராது. 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டம், புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டம் தோற்றியது. இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறி இசட் புள்ளி போட்டார்கள். 2012 ஜூனில் உயர்நீதிமன்றம் அந்தக் கணக்கு பிழை என்று தூக்கியெறிந்தது. கணக்கில் தவறிய அரசாங்கத்துக்கு மறுபடி செய்யச் சந்தர்ப்பமும் கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் விடைத்தாளை மீள்பரிசீலனை செய்யச் சொன்னால் கட்டணம் கட்ட வேண்டும். அரசாங்கம் அதைக்கூடக் கட்டவில்லை.

பிறகு 2024இல் ஒரு ஞானம் பிறந்தது. பெறுபேறு வரத்தானே தாமதம், வகுப்புக்கு என்ன தாமதம் என்று, ஓ.எல். முடிந்த கையோடு ஏ.எல். வகுப்புகளைத் தொடங்கச் சொன்னது கல்வி அமைச்சு. பிள்ளை தேறினானா என்று தெரியாது, எந்தப் பிரிவு என்றும் தெரியாது, உட்கார வை. டியூசன்காரரின் மஞ்சள் தாளை அரசாங்கம் வெள்ளைத் தாளில் அச்சடித்த நாள் அது. சும்மா வீட்டில் இருந்து கெட்டுப்போகாமல் இருப்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். நல்ல காரணம். எங்கள் பக்கத்தில் ஒரேயொரு சின்னச் சிக்கல்: யார் படிப்பிப்பது?

நாட்டில் 10,000 அரசுப் பாடசாலைகளுக்கு மேல் உண்டு. உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உள்ள 1ஏபி பாடசாலை பத்தில் ஒன்றுதான். புத்தளம் கரையில் தமிழ் மொழியில் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆசிரியர் கேட்டுக் குருநாகலில் இருக்கும் மாகாணத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுவது பரம்பரைத் தொழில் மாதிரி. வாப்பா எழுதினார், இப்போது மகன் எழுதுகிறார். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டம் என்று எங்களுக்கு ஒரு பட்டம் தந்து, வெட்டுப்புள்ளியில் கொஞ்சம் சலுகையும் தருகிறார்கள். ஆசிரியரை அனுப்புவதைவிட அது மலிவு. நுரைச்சோலைக்கு 900 மெகாவோட் அனல்மின் நிலையம் வந்தது, அதன் சாம்பல் வந்தது. அருவக்காலுவுக்குக் கொழும்பின் குப்பை வந்தது. கணித ஆசிரியர் மட்டும் பாலாவிச் சந்தியைத் தாண்டி வரவே மாட்டேன் என்கிறார்.

வருகிற ஒருவர் இருவரும் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. பாடசாலையில் அவர் பாய் சுருட்டிய வள்ளம். அலை தள்ளினால் நகர்வார். மாலை ஐந்து மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததும் நாற்பது குதிரை வலு எஞ்சின். மைக் பிடித்துத் திரிகோணகணிதத்தை ஓடவிடுவார். அதே வாய், அதே சூத்திரம், கையில் கிளாஸ் கார்ட் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். எல்லோரையும் சொல்லவில்லை. மழையில் நனைந்து வந்து காசு வாங்காமல் படிப்பித்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுடைய படத்தை யாரும் ரொக்கெட்டுக்கு முன்னால் போடுவதில்லை.

விரைவாகப் படிப்பது கெட்ட காரியமில்லை. அவுஸ்திரேலியாவில் டெரன்ஸ் டாவோ ஒன்பது வயதில் பல்கலைக்கழகக் கணித வகுப்பில் உட்கார்ந்தார். வகுப்பு அவருக்கு மெதுவாக இருந்தது, ஆகவே வேகமான வகுப்புக்குப் போனார். எங்கள் பிள்ளைகள் கதை வேறு. இந்தத் தொகுதி 2020இல் ஏழாம் ஆண்டு. அட்சரகணிதம் படிக்க வேண்டிய நேரத்தில் பாடசாலை பூட்டிக்கிடந்தது. வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை இறக்க வாப்பாவின் போனில் டேட்டா இல்லை. அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. ஓட்டை வள்ளத்துக்குப் பெரிய எஞ்சினைப் பூட்டி, 90 நாளில் நடுக்கடலுக்குக் கொண்டுபோகிறோம் என்று காசு கேட்கிறார்கள்.

என் வேலிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் கதையைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய உம்மா மன்னாரிலிருந்து வந்தவள். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது கைக்குழந்தை. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் எட்டாம் ஆண்டுவரை படித்தாள். காத்திருப்பதில் அவளுக்கு நல்ல அனுபவம் உண்டு. அதனால்தான் மகளைக் காத்திருக்கவிடக் கூடாது என்று தோட்டைக் கழற்றி அடகு வைத்துவிட்டாள்.

மே மாதம் ஒருநாள் மாலை அந்தப் பிள்ளை மஞ்சள் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அடகு வட்டி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் எவ்வளவு, ஜூலையில் பெறுபேறு வந்தால் எவ்வளவு, போன தடவைகள் மாதிரி நவம்பருக்கு இழுத்தால் எவ்வளவு. மூன்று நிரல், நேர்த்தியான கோடுகள். கூட்டுவட்டியில் ஒரு பிழை இல்லை. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்ததா என்று கேட்டேன். "பங்குச் சந்தைக் கேள்விதான் சேர் செஞ்சேன். கம்பனியில பங்கு வாங்கினா எவ்வளவு லாபம்னு." சிரிக்காமல் சொன்னாள்.

உம்மா வாடியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் வேலையில்லை. கருவாடு போட உப்பில்லை. உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் புத்தளம் மாவட்டத்தில், மழை பெய்து உப்பு கரைந்து, அந்த வருடம் நாடே இந்தியாவிலிருந்து உப்பு இறக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை தலையைத் தூக்கி என்னிடம் கேட்டாள்: "சேர், நான் கணிதப் பிரிவுக்குப் போறதா, கலைப் பிரிவுக்கா? கணிதத்துல எஸ் வந்தா என்ன செய்றது, கிளாஸ் காசு கட்டியாச்சே?" முப்பது வருடம் படிப்பித்தவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பெறுபேறு வந்தபிறகு யோசிப்போம் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் மஞ்சள் தாளின் அடியில் எறும்பு மாதிரி ஏதோ தெரிந்ததால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

'பெறுபேறு எவ்வாறாயினும் செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது.'

"இதைப் பார்த்தியா தங்கச்சி?" என்று உம்மாவிடம் காட்டினேன். எனக்குக் கை நடுங்கியது, கோபத்தில்தான். அவள் தாளை வாங்கி, வட்டிக் கணக்கு இருந்த பக்கம் மேலே வரும்படி மடித்து, மகளிடம் கொடுத்தாள்.

"அது சரிதானே சேர்," என்றாள். "மண்ணெண்ணெய் எண்பத்தேழு ரூவாயிலேருந்து ஒரே நாளில முந்நூத்தி நாப்பதாக்கினாங்களே, அப்பவும் இவங்க வாப்பா கடலுக்குப் போனாரு. மீன் படாட்டியும் எண்ணெய்க் காசு குடுக்கத்தானே வேணும்."