வல்லான் வகுத்த பேட்டரி

தமிழ்நாட்டில் ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருந்து உழைப்பவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால் ஆஸ்பத்திரி நர்சம்மா, ஏ.டி.எம். காவலாளி, கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர் என்று பட்டியல் போகும். நியாயமாகப் பார்த்தால் இன்னும் சிலரையும் அதில் சேர்க்க வேண்டும். எப்போதோ ஒரு செருப்பு வாங்க நீங்கள் இறக்கிய ஆப். மச்சினி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை விலை பார்த்த ஆப். ராசிபலன் ஆப். இவர்கள் தூங்குவதே இல்லை. நீங்கள் குறட்டை விடும் நேரத்தில் எழுந்து, நெட்டைத் தட்டி, அனுமதி தந்திருந்தால் நீங்கள் படுத்திருக்கும் இடத்தையும் குறித்து, தலைமையகத்துக்குச் சேதி அனுப்பிவிட்டு, அடுத்து எப்போது எழ வேண்டும் என்று அலாரமும் வைத்துக்கொண்டுதான் சாய்கிறார்கள். இப்படி ஒரு கடமை உணர்ச்சியைத் தாலுகா ஆபீசில் பார்த்ததுண்டா?

சம்பளம் மட்டும் நீங்கள் தர வேண்டும். நூறு சதவீதத்தில் படுக்க வைத்த போன் காலையில் எண்பதில் எழுந்தால், குறைந்த இருபது அவர்களுக்குப் போன ராச்சோறு. நம்பாதவர்கள் செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்து, ஏதாவது ஒரு ஆப்பின் மேல் விரலை வையுங்கள். இரண்டு வரி வரும். ஸ்கிரீனில்: 0 நிமிடம். பேக்ரவுண்டில்: 3 மணி 12 நிமிடம். முகத்தையே காட்டாமல் மூன்று மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்க அந்தப் பக்கத்தில் பொத்தான் கிடையாது. அதற்குப் பதில் அறிவுரை இருக்கும். வெளிச்சத்தைக் குறையுங்கள். அதிர்வை நிறுத்துங்கள். பயன்பாட்டைக் கவனியுங்கள். வாடகை தராமல் குடியிருப்பவன், கரண்ட் பில் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திட்டுகிற கதை இது.

தொழில்நுட்பத்தில் வேறு வழியில்லையோ என்று பரிதாபப்பட்டுவிடாதீர்கள். வழி எப்போதோ வந்துவிட்டது. சேதி வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஆப்பும் தனித்தனியாக எழுந்து எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. எல்லா ஆப்களுக்கும் பொதுவாக ஒரே இணைப்பைத் திறந்து வைத்து, சேதி வந்தால் மட்டும் உரியவரை எழுப்பும் ஏற்பாட்டை ஆப்பிள் 2009-லேயே கொண்டுவந்தது. கூகுளிடமும் அது உண்டு. போன் அசையாமல் கிடக்கும்போது எல்லாரையும் கட்டிப்போட்டு, இடையிடையே மட்டும் அவிழ்த்துவிடும் 'டோஸ்' என்ற முறை 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. நீங்கள் அடிக்கடி தொடும் ஆப், எப்போதாவது தொடும் ஆப் என்று தரம் பிரித்து ரேஷன் போடும் முறை 2018-இல் ஆண்ட்ராய்டு 9-உடன் வந்தது.

இத்தனைக்குப் பிறகும் பேட்டரி ஏன் கரைகிறது? எழுந்திருக்க ஆசைப்படுகிறவனுக்கு ஆயிரம் சாக்கு. ஸ்கிரீன் அணைந்த பிறகும் பிராசஸரைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்க 'வேக் லாக்' என்று ஒன்று இருக்கிறது. பாட்டுக் கேட்கவும் பைல் இறங்கவும் வைத்த வசதி அது. செருப்புக் கடையும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. போனில் இன்னொரு செலவும் உண்டு. நாலு எழுத்து அனுப்பினாலும், அனுப்பி முடித்த கையோடு மோடம் அணையாது. அடுத்தது வருமோ என்று சில வினாடிகள் முழு மூச்சில் காத்திருந்துவிட்டுத்தான் அடங்கும். இருபது ஆப் இருபது தனித்தனி நேரத்தில் ஆளுக்கு ஒரு துணுக்கு அனுப்பினால், அனுப்பியதைவிடக் காத்திருந்த செலவு பெரிது. சிக்னல் பலவீனமான ஊரில் இருப்பவருக்கு இந்தச் செலவு இன்னும் கூடும். அறிவுரை மட்டும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: வெளிச்சத்தைக் குறையுங்கள்.

சின்ன ஆப்காரர்கள் தெரியாமல் செய்கிறார்கள் என்பார்கள். பெரியவர்கள் லட்சணம் என்ன? 2015 அக்டோபரில் ஐபோன்காரர்கள் ஃபேஸ்புக் ஆப் பேட்டரியைக் குடிக்கிறது என்று கத்தியபோது, அந்த நிறுவனமே தேடிப் பார்த்து இரண்டு கோளாறுகளை ஒப்புக்கொண்டது. அதில் ஒன்று அருமையானது. வீடியோ பார்த்துவிட்டு நீங்கள் வெளியே வந்த பிறகும், சத்தமே இல்லாமல் ஏதோ பாடிக்கொண்டிருப்பது போல ஆடியோவைத் திறந்தே வைத்திருந்ததாம் அந்த ஆப். கேட்காத பாட்டுக்கு எரிந்த மின்சாரம். தவறுதலாக நடந்ததாம். இவர்களுடைய தவறுதல் ஒரு தடவையாவது நம் பேட்டரி மிச்சமாகிற பக்கம் நடந்திருக்கிறதா?

இன்னொரு மகான், டார்ச்லைட் ஆப். விளக்கு எரிவதைத் தவிர வேறு வேலை அதற்கு இல்லை என்றுதான் நாம் நினைத்தோம். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற ஆப்பைப் பிடித்தது. கோடிக்கணக்கில் இறக்கப்பட்ட ஆப். போன் இருக்கும் இடத்தையும் அதன் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சம்மதமா, மறுப்பா என்று ஒரு பொத்தானும் காட்டியது. ஆனால் நீங்கள் அதைத் தொடுமுன்பே சேதி போய்விட்டது. வெளிச்சம் உங்களுக்கு, விவரம் அவர்களுக்கு.

இந்தக் கொள்ளையைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு கூட்டம் நம்மைக் காப்பாற்ற வந்தது. பேட்டரி சேவர். பேட்டரி டாக்டர். கிளீனர். பூஸ்டர். ராக்கெட் படம் போட்ட பொத்தானை அமுக்கினால் புகை கக்கிக்கொண்டு கிளம்பும், '1.2 ஜி.பி. விடுவிக்கப்பட்டது' என்று கைதட்டும், அடியில் ரம்மி விளம்பரம் ஓடும். விரட்டப்பட்ட ஆப்கள் அரை நிமிடத்தில் திரும்பி வந்து உட்காரும். இந்த முறை புதிதாகக் கிளம்பிய செலவும் சேர்த்து. 2018 நவம்பரில் பஸ்ஃபீட் நியூஸ் ஒரு விவகாரத்தை வெளியிட்டது. சீட்டா மொபைல் நிறுவனத்தின் பேட்டரி டாக்டர், கிளீன் மாஸ்டர் உள்ளிட்ட ஆப்கள், நீங்கள் வேறு எந்த ஆப்பை இறக்கினாலும் 'எங்களால்தான் இறக்கினார்' என்று கமிஷன் கேட்டதாகக் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2020 பிப்ரவரியில் தொல்லை தரும் விளம்பரங்களுக்காகக் கூகுள் சுமார் 600 ஆப்களைத் தூக்கியபோது அந்த நிறுவனத்தின் சரக்கும் சேர்ந்து போனது. அதே ஆண்டு ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களில் டியூ பேட்டரி சேவர் இருந்தது, கிளீன் மாஸ்டரும் இருந்தது. தேசத்தின் இறையாண்மைக்கு ஆபத்தாம். சரி. அதுவரை இத்தனை வருஷம் என் பேட்டரியின் இறையாண்மைக்கு யார் பொறுப்பு? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததோடு, பூனைக்கு ஐந்து நட்சத்திர ரேட்டிங்கும் போட்ட நாடு இது.

இனி, போன் கம்பெனிகளின் நீதிபரிபாலனம். பேக்ரவுண்ட் அட்டகாசத்தை அடக்குகிறோம் என்று அவர்களும் என்கவுன்டரில் இறங்கினார்கள். சுட்டது யாரை? அலாரம் ஆப்பை. மாத்திரை நேரம் சொல்லும் ஆப்பை. நடையை அளக்கும் ஆப்பை. பின்னால் ஓடியே தீர வேண்டிய, அதற்காகவே நீங்கள் தேடி வைத்த ஆப்பை. தூக்கத்தை அளக்கும் ஓர் ஆப்பை எழுதியவர்கள், பயனர்களின் புகார் தாங்காமல், 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு தளமே தொடங்கி, எந்தக் கம்பெனி போன் எவ்வளவு கொலைகாரன் என்று மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தினார்கள். அதே போன்களில் வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக் போன்ற பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டோஸ்டார்ட் கதவு முதல் நாளே திறந்து கிடப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். சில சாம்சங் போன்களில் ஃபேஸ்புக்கை அழிக்கவே முடியாது, முடக்கி மட்டும் வைக்கலாம் என்பது 2019 ஜனவரியில் செய்தியாயிற்று. வல்லான் வகுத்ததே வாய்க்கால். அதில் ஓடுவது மட்டும் உங்கள் மின்சாரம்.

இது விளையாட்டு இல்லை. சர்க்கரை நோயாளியின் கையில் ஒட்டிய சென்சார், ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கினால் பலருக்குப் போன் வழியாகத்தான் அலறும். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை விட்டது: போன் அமைப்புகளின் காரணமாக இந்த அலறல் கேட்காமலே போகிறது, சிலரின் கடும் பாதிப்புக்கும், உயிரிழப்புக்கும்கூட, இது காரணமாகியிருக்கக்கூடும். அது சுட்டிய காரணங்களில் ஒன்று, வெகுநேரம் தொடாத ஆப்பை ஆழ்ந்த உறக்கத்தில் தள்ளும் பேட்டரிச் சிக்கனம். உயிர் காக்கும் ஆப் உறங்க வேண்டுமாம். சூதாட்ட ஆப்பின் 'போனஸ் காத்திருக்கிறது' மட்டும் டிங் என்று சரியான நேரத்துக்கு வந்து விழ வேண்டுமாம். இதற்குப் பெயர் ஆப்டிமைசேஷன். சென்சார் நிறுவனங்கள் தரும் கையேட்டில், பேட்டரி ஆப்டிமைசேஷனை எப்படி அணைப்பது என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். எழுபது வயது அம்மா செட்டிங்ஸுக்குள் போய், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆக்சஸ், பேட்டரி, அன்ரெஸ்ட்ரிக்டட் என்று நாலு கதவு தட்டி, தன் உயிருக்குத் தானே மனுப் போட வேண்டும். அடுத்த அப்டேட்டில் அந்த மனு தள்ளுபடியாகலாம்.

ஆப்பிள்காரர்கள் சிரிக்க வேண்டாம். பேட்டரி கிழடான ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்து வைத்ததை அந்த நிறுவனம் 2017 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்கச் செய்தோம் என்றது. இருக்கலாம். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன? சொல்லியிருந்தால் பலர் புது போனுக்குப் பதில் புது பேட்டரி வாங்கியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிடிபட்ட பிறகு 79 டாலர் பேட்டரி மாற்றம் 29 டாலரானது. 2020-இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள். மதுரையிலும் மன்னார்குடியிலும் அதே போனை வைத்துக்கொண்டு 'ஸ்லோ ஆயிடுச்சு, மாத்திரணும்' என்று மாற்றியவருக்குக் கிடைத்தது, புது போனின் மாதத் தவணை.

நம் அரசாங்கத்துக்கும் இதில் பங்கு வேண்டும் என்று ஆசை வந்தது. 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி என்ற தன் ஆப்பை எல்லாப் புது போன்களிலும் முன்கூட்டியே ஏற்ற வேண்டும், அதை முடக்க வழி வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயத்தைக் கைவிட்டது. நல்லது. ஆனால் எண்ணத்தைக் கவனியுங்கள். உங்கள் காசில் வாங்கிய போனில் குடிவைப்பது யாரை, விரட்டக் கூடாதது யாரை என்பதை உங்களைத் தவிர எல்லாரும் முடிவு செய்யலாம்.

விலை கொடுப்பது யார்? ஐபோனும் வயர்லெஸ் சார்ஜரும் மேசைக்கு ஒன்றாக வைத்திருப்பவர் இல்லை. அண்ணா சாலை வெயிலில் சாப்பாட்டுப் பை சுமக்கும் தம்பி. வேலை நேரம் முழுக்க ஜி.பி.எஸ். ஓட வேண்டும், ஸ்கிரீன் எரிய வேண்டும், ஆர்டர் வந்த நொடியில் தொட வேண்டும். மலிவு விலைப் போன். அதன் விலை மலிவாக இருக்க ஒரு காரணமே, அழிக்க முடியாத ஆப்களும் லாக் ஸ்கிரீன் விளம்பரங்களும் மீதிப் பணத்தைக் கட்டுவதுதான். அந்த விளம்பரத்தை ஓட்டும் மின்சாரமும் அவர் கணக்கில். மாலை ஐந்து மணிக்குப் போன் செத்தால் ஆர்டர் போச்சு, இன்சென்டிவ் போச்சு. அதனால் இடுப்பில் ஒரு பவர் பேங்க், கைப்பிடியில் தொங்கும் ஒயர். சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை திறந்தது, சார்ஜ் போடவும் வசதி செய்தது. பாராட்டலாம். ஆனால் அந்த ஆப்களை நடத்தும் கம்பெனிகளின் தொழிலுக்கு வேண்டிய மின்சாரத்தை மாநகராட்சியும் தொழிலாளியும் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். கம்பெனியின் பங்கு, 'உங்கள் பேட்டரி குறைவாக உள்ளது' என்ற நோட்டிபிகேஷன்.

நாமும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் கட்டை விரலால் ஆப்களை மேலே தள்ளித் தள்ளிக் கொல்கிறோம். இது பேட்டரியைக் காக்கவே காக்காது என்று 2016-லேயே ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகியும் ஆண்ட்ராய்டின் ஹிரோஷி லாக்ஹைமரும் சொல்லிவிட்டார்கள். மூடிய ஆப்பை முதலிலிருந்து திறப்பதுதான் கூடுதல் செலவு. தள்ளுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புகார் கொடுக்க இடமில்லாத ஊரில் ஜனங்கள் கைக்கு எட்டியதைத்தான் அடிப்பார்கள்.

புகார் வாங்க வேண்டியவர்கள் ஒருவழியாக விழித்திருக்கிறார்கள். பிளே ஸ்டோரின் புதுக் கணக்குப்படி, ஒரு ஆப் 24 மணி நேரத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் தகுந்த காரணமின்றிப் போனைத் தூங்கவிடாமல் பிடித்துவைத்தால் அது மிகை. 28 நாளில் அந்த ஆப்பின் பயன்பாட்டு அமர்வுகளில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படி நடந்தால், 2026 மார்ச் 1 முதல் அந்த ஆப்பின் பக்கத்தில் எச்சரிக்கை வரலாம், பரிந்துரையிலிருந்து விலக்கப்படலாம். அதாவது தினம் இரண்டு மணி நேரம் வரை திருடினால் பழக்கதோஷம். தாண்டினால் முன்வரிசையில் நாற்காலி கிடையாது. ஜேப்படிக்காரனுக்கு இப்படி ஒரு சட்டம் போட்டால் திருவல்லிக்கேணியே திருவிழாவாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் கொஞ்சம் அழுத்திக் கேட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் போனின் பேட்டரி 800 தடவை முழுதாகச் சார்ஜ் ஆன பிறகும் தன் திறனில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும். சட்டம் கேட்டால் செய்ய முடிகிறது. ஜனங்கள் கேட்டால் மட்டும் டிப்ஸ் வருகிறது.

நான் கேட்பது ஒரே ஒரு சுவிட்ச். 'நான் பெயர் சொன்னவர்களைத் தவிர யாரும் பின்னால் ஓடக் கூடாது.' போன் பெட்டியிலிருந்து வரும்போதே அது ஆனில் இருக்க வேண்டும். ஐபோனில் பேக்ரவுண்ட் ரீஃப்ரெஷை மொத்தமாக அணைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் தேடிப் போய் அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஒவ்வோர் ஆப்பாக வாசலேறி இறங்க வேண்டும். கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரம். விளம்பரத்துக்கு உங்கள் நடமாட்டம் வேண்டும். நடமாட்டம் தெரிய எவனாவது விழித்திருக்க வேண்டும். அந்த சுவிட்ச் ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிடத் தொழில்நுட்பக் காரணம் தேவையில்லை.

ஆகவே இனி எவராவது வந்து 'உங்கள் பேட்டரியை நிர்வகிக்கப் பத்து வழிகள்' என்று ஆரம்பித்தால், மரியாதையாகவே சொல்லுங்கள்: முதலில் உங்கள் ஆட்களை நிர்வகியுங்கள் ஐயா. பேட்டரியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.