செயலாளர் ஆகிவிட்டீர்களா? இனி சனிக்கிழமை உங்களுடையதல்ல

வட இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூர். வியாழக்கிழமை மாலை. மகனைப் பயிற்சிக்கு விட வந்தவர், மழைக்கு ஒதுங்கலாமே என்று கிளப் கட்டடத்துக்குள் நுழைந்தீர்கள். உள்ளே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் தேநீர் நீட்டினார். பாதி குடிப்பதற்குள் யாரோ முன்மொழிந்து, யாரோ வழிமொழிந்து, எல்லோரும் கைதட்டியும் முடித்துவிட்டார்கள்.

வாழ்த்துகள். உள்ளூர் அமெச்சூர் ரக்பி லீக் கிளப்பின் கௌரவச் செயலாளர் இனி நீங்கள்தான். 'கௌரவ' என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். கௌரவமும் கிடையாது என்பது போகப்போகத் தெரியும். பதற வேண்டாம். கீழ்க்கண்ட படிகளை வரிசையாகப் பின்பற்றினால் முதல் பருவத்தை ஓரளவு உயிரோடு கடக்கலாம்.

படி 1: சண்டை எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வாரமே உங்கள் அலுவலகத்தில் ஒருவர், "ரக்பிதானே, பதினைந்து பேர் ஆடுவாங்களே, அதுவா?" என்பார். அது யூனியன். இது லீக், பதின்மூன்று பேர். கபடி பார்த்தவருக்கு விளக்குவது சுலபம். அங்கே பிடிபட்டவர் வெளியேற வேண்டும். இங்கே பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே உருட்டிவிட்டால் ஆட்டம் தொடரும். ஆறு முறை பிடிபடலாம். ஆறாவதோடு பந்து எதிரணிக்குப் போய்விடும்.

ஆனால் இரண்டும் பிரிந்தது ஆள் கணக்கால் அல்ல, காசுக் கணக்கால். யார்க்‌ஷயர், லங்காஷயர் அணிகளில் ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் உழைத்தவர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. போன கூலிக்கு ஈடு கொடுக்க அனுமதியுங்கள் என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. ரக்பியின் தலைமை மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனிக்குடித்தனம் போனார்கள். முதல் பருவத்தில் 22 கிளப்புகள். வேலை இழந்த ஒரு நாளுக்கு ஆறு ஷில்லிங் ஈட்டுத்தொகை. ஆட்களைப் பதின்மூன்றாகக் குறைத்ததெல்லாம் 1906-இல்தான்.

யூனியன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. லீக் பக்கம் போனவரை, அவர் ஒரு பைசா வாங்காவிட்டாலும் தள்ளிவைத்தார்கள். பிறகு சரியாக நூறு வருடம் கழித்து, 1995-இல், தாங்களே சம்பளத்துக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

இந்தக் கதையை மனப்பாடம் செய்யுங்கள். ஏனென்றால், காசு கேட்டுப் பிறந்த ஓர் ஆட்டத்தின் காசில்லாத கிளைக்கு நீங்கள் செயலாளர். இங்கே ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கு இத்தனை பவுண்டு என்று தங்கள் கையிலிருந்து கட்டி ஆடுவார்கள். அதாவது, கட்ட வேண்டும். வசூலிப்பது உங்கள் வேலை.

படி 2: யாருக்குக் கீழே யார் என்று கேட்காதீர்கள்

உச்சியில் ரக்பி ஃபுட்பால் லீக். அதன் பக்கத்தில் பிரிட்டிஷ் அமெச்சூர் ரக்பி லீக் சங்கம், சுருக்கமாக 'பார்லா'. தொழில்முறைக் கிளப்புகளைக் கவனிக்கவே தலைமைக்கு நேரம் சரியாக இருந்த காலத்தில், அமெச்சூர் அணிகள் சுமார் 150 என்ற அளவுக்குத் தேய்ந்துபோயின. இனி நம் பாட்டை நாமே பார்த்துக்கொள்வோம் என்று சிலர் 1973-இல் பார்லாவைத் தொடங்கினார்கள். பிரிந்து வந்தவர்களிடமிருந்து ஒரு பிரிவு. தொடங்கிய ஊர்? அதே ஹடர்ஸ்ஃபீல்டு. அந்த ஊரில் யாராவது கூட்டத்துக்கு அறை பிடித்தால் கொஞ்சம் விசாரித்து வைப்பது நல்லது.

1986-இல் பத்துக் கிளப்புகளோடு ஒரு தேசிய லீக் வந்தது. முதல் பட்டம் யார்க் நகரத்து ஹெவர்த் கிளப்புக்கு. அதுதான் பின்னாளில் நேஷனல் கான்ஃபரன்ஸ் லீக் ஆனது. பிரீமியர், ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடி மேல் மாடி கட்டினார்கள். 'நேஷனல்' என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கே தேசம் என்பது பெரும்பாலும் எம்62 நெடுஞ்சாலையும் அதன் இரண்டு ஓரங்களும், வடமேற்கு மூலையில் கம்ப்ரியாவும். லண்டனிலிருந்து ஓர் அணி வந்து ஆடியதுண்டு. வெளிநாட்டு விருந்தாளி மாதிரி கவனித்தார்கள்.

இதற்கும் கீழே வட்டார லீக்குகள். கிளப்புகள் மேலே ஏறும், கீழே இறங்கும், சில சமயம் ஆள் சேராமல் பாதியில் காணாமலும் போகும். எந்த மின்னஞ்சல் யாருக்கு என்று குழம்பினால் எல்லோருக்கும் அனுப்புங்கள். யாராவது ஒருவர் 'இது என் வேலை இல்லை' என்று பதில் போடுவார். அவரை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

படி 3: பெயரை மாற்ற நினைக்காதீர்கள்

புதுச் செயலாளர்களுக்கு வரும் முதல் ஆசை, பெயரை நவீனமாக்குவது. வேண்டாம். இந்தக் கிளப்புகளின் பெயர்ப் பட்டியல்தான் வட இங்கிலாந்தின் சுருக்கமான சரித்திரம். தேவாலயத்து வாசலில் பிறந்தது விகன் செயின்ட் பேட்ரிக்ஸ். கண்ணாடித் தொழிற்சாலை மைதானத்தில் பிறந்தது செயின்ட் ஹெலன்ஸ் ஊரின் பில்கிங்டன் ரெக்ஸ். கப்பல் துறையில் பிறந்தது ஹல் டாக்கர்ஸ். லீ மைனர்ஸ் ரேஞ்சர்ஸ் இன்னும் ஆடுகிறது, லீ ஊரைச் சுற்றி நிலக்கரி வெட்டத்தான் ஒரு சுரங்கமும் மிச்சமில்லை.

கம்ப்ரியாக் கரையில் மில்லம் என்று ஓர் ஊர். அங்கே கிளப் பிறந்தது 1873-இல், லீக் என்ற ஆட்டமே பிறப்பதற்கு முன்னால். இரும்புச் சுரங்கத்தாலும் இரும்பாலையாலும் பிழைத்த ஊர் அது. இரண்டும் 1968-இல் மூடப்பட்டன. கிளப்பை மூட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மிருகப் பெயர் அவசியம் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். உயிரியல் பார்க்க வேண்டியதில்லை. டியூஸ்பரி பக்கத்து ஷா கிராஸ் கிளப்பின் பெயர் ஷார்க்ஸ். எந்தத் திசையில் போனாலும் கடல் வெகுதூரம்.

படி 4: பதினேழு பேரைத் திரட்டுங்கள்

களத்தில் பதின்மூன்று, மாற்று ஆட்கள் நால்வர். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு பேர் இருப்பார்கள். சந்தோஷப்படாதீர்கள். கட்டைவிரல் படம் போட்டவர் கால் ஆள். 'வரேன்' என்று எழுதியவர் அரை ஆள். 'கண்டிப்பா வரேன்' என்று எழுதியவர் வரமாட்டார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியவர்தான் முழு ஆள்.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஆடினார்கள். மைதானம் உறைந்துபோய் ஆட்டங்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போயின. 2012-இல் கான்ஃபரன்ஸ் லீக் கோடைக்கு மாறியது. அதன்பின் மைதானம் உறைவதில்லை, ஆட்கள்தான் உருகிக் காணாமல் போகிறார்கள். ஒருவருக்கு அக்கா கல்யாணம், இன்னொருவர் குடும்பத்தோடு ஸ்பெயினில், மூன்றாமவருக்கு வேலையில் ஷிப்ட் மாறிவிட்டது. நூறு வருடத்துக்கும் முன்னால் சனிக்கிழமைக் கூலிக்காக ஓர் ஆட்டமே இரண்டாக உடைந்தது. இன்று அதே சனிக்கிழமை ஓவர்டைமுக்காக உங்கள் முன்வரிசை உடைகிறது.

இதற்கொரு வைத்தியம் உண்டு. ஒவ்வொரு கிளப்பிலும் நாற்பதைத் தாண்டிய ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருக்கும். ஆனால் பூட்ஸை மட்டும் "எதுக்கும் இருக்கட்டும்" என்று கார் டிக்கியிலேயே வைத்திருப்பார். அவரைக் கேளுங்கள். அதற்கு முன் அவர் மனைவியைக் கேளுங்கள்.

படி 5: மைதானமும் மூட்டையும்

மைதானம் நகராட்சியுடையது. அதாவது ஊர் நாய்களுடையது. ஆட்டத்தன்று காலையில் ஒரு வாளி, ஒரு கரண்டியோடு கோலிலிருந்து கோல்வரை குனிந்தபடி நடப்பது செயலாளரின் சம்பிரதாயக் கடமை. சரிவான மைதானமாக இருந்தால் அதைக் குறை என்று எண்ணாதீர்கள், உள்ளூர் அணியின் பதினான்காவது ஆட்டக்காரர் என்று எண்ணுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் பதினேழு ஈர ஜெர்சிகள் ஒரு மூட்டையில் வரும். அதாவது பதினாறு. எந்த எண் காணோம் என்று தேடாதீர்கள், அடுத்த வாரம் அதை யாராவது பப்பில் போட்டுக்கொண்டு நிற்பார். வீட்டுச் சலவை இயந்திரத்துக்கு அந்தச் சேறு ஆகாது. வீட்டில் இருப்பவருக்கும் ஆகாது. இந்தச் செய்தியை நிதானமாகச் சொல்ல ஒரு நல்ல நாள் பாருங்கள்.

படி 6: நடுவரைத் தெய்வமாக மதியுங்கள்

ஏனெனில் அவர் வராவிட்டால் ஆட்டம் இல்லை. அவருக்கு முதலில் தேநீர், அப்புறம் மரியாதை, பேச்சு கடைசியில். எல்லைக்கோட்டில் கொடி பிடிக்க இரண்டு பேரை ஏற்பாடு செய்ய வேண்டி வரும். உங்கள் ஆளாக உங்கள் மாமனாரை நிறுத்துங்கள். நடுவரை யாராவது திட்டினால் லீக்கிலிருந்து ஓலை வரும், அபராதம் வரும், அதைக் கட்டுவது கிளப். மாமனார் கொடி பிடித்துக்கொண்டிருந்தால் அவரால் திட்ட முடியாது. மற்றவர்களும் அவர் முன்னால் திட்டத் தயங்குவார்கள்.

படி 7: பிள்ளைகளை வளர்த்துத் தாரைவாருங்கள்

எட்டு வயதில் மூக்கு ஒழுக ஒரு பையன் வருவான். பந்து பிடிக்கக் கற்றுக்கொடுப்பீர்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் தொழில்முறைக் கிளப்பிலிருந்து ஒருவர் வந்து வேலியோரம் நிற்பார். அவர் கையில் குறிப்பேடு இருந்தால் பையன் போய்விட்டான் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். ஓல்டமின் வாட்டர்ஹெட் கிளப்பில் ஆடிய கெவின் சின்ஃபீல்டு, லீட்ஸ் அணிக்குத் தலைவராக நின்று பட்டத்தைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனல்களில் ஏழை வென்றார். டியூஸ்பரி மூர் கிளப்பின் சாம் பர்ஜெஸ், ஆஸ்திரேலியா போய் 2014-இல் சவுத் சிட்னிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

உங்களுக்குக் கிடைப்பது சுவரில் மாட்ட ஒரு போட்டோ. அதில் பையன் பற்கள் விழுந்த வாயோடு சிரிப்பான். பெண் பிள்ளை கட்டிப்போன வீட்டில் எப்படி இருக்கிறாளோ என்று பார்க்கும் தகப்பன் மாதிரி, வெள்ளிக்கிழமை இரவுகளில் கிளப் பப்பில் உட்கார்ந்து அவனை டிவியில் பாருங்கள். "அந்தப் பாஸ் இங்கேதான் கத்துக்கிட்டான்" என்று ஒரு முறை சொல்லலாம். மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

படி 8: சேலஞ்ச் கோப்பைக்குத் தயாராக இருங்கள்

1897-இல் தொடங்கிய இந்தக் கோப்பையில், ஆரம்பச் சுற்றுகளில் அமெச்சூர் கிளப்புகளுக்கும் இடம் உண்டு. மற்ற நாட்களில் தொழில்முறை அணிகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பீர்கள். இங்கே உடைமாற்றும் அறையின் மறுபக்கத்தில் பார்க்க வாய்க்கும். வழக்கமாக நடப்பது, அவர்கள் நாற்பது அறுபது புள்ளிகள் போட்டுவிட்டுக் கைகுலுக்கிப் போவது. ஆனால் 1996-இல் ஹல் நகரத்து வெஸ்ட் ஹல் கிளப், ஹைஃபீல்டு, யார்க் என்று இரண்டு தொழில்முறை அணிகளை அடுத்தடுத்து வீழ்த்தியது. ஆடிய எல்லோரும் திங்களன்று வேலைக்குப் போக வேண்டியவர்கள். இந்தச் சம்பவத்தை உங்கள் பயிற்சியாளர் ஒவ்வொரு வருடமும் உடைமாற்றும் அறையில் சொல்வார். புதிதாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: பட்டாணியும் குலுக்கலும்

ஆட்டத்தில் இரண்டு அணியும் முட்டிமோதிக்கொண்ட பிறகு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். கறி அடைத்துச் சுட்ட பை, பக்கத்தில் பச்சைப் பட்டாணி மசியல். பெயரைக் கேட்டுத் துணிப்பை என்று யாரும் ஏமாறவில்லை, ருசியில் சிலர் ஏமாந்திருக்கலாம். தோற்ற நாளிலும் பட்டாணி சூடாக இருக்க வேண்டும். தோல்வியை மறந்துவிடுவார்கள், ஆறிப்போன பட்டாணியை அடுத்த பருவத்திலும் ஞாபகம் வைத்துச் சொல்வார்கள்.

பிறகு குலுக்கல் சீட்டு. பரிசு, உள்ளூர் கசாப்புக் கடைக்காரர் கொடுத்த ஒரு தட்டு இறைச்சி. ஜெர்சி முதுகில் அவர் கடைப் பெயரைப் போட்டிருப்பதால் தருகிறார். சீட்டு விற்ற காசில்தான் பந்து, பேண்டேஜ், கம்ப்ரியாவுக்குப் போகும் பஸ் வாடகை எல்லாம். எக்காரணம் கொண்டும் அந்தப் பரிசை நீங்களே ஜெயித்துவிடாதீர்கள். ஊர் மறக்காது.

படி 10: விலகுவது எப்படி?

ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்து, "எனக்குப் பதிலாக யாராவது..." என்று தொடங்குவீர்கள். உடனே எல்லோரும் குனிந்து தத்தம் காலணியைப் பார்ப்பார்கள். அவ்வளவு அழகான காலணிகளை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. உட்கார்ந்துவிடுங்கள்.

அன்றிரவு தூக்கம் வராமல் ஒரு கணக்கு போடத் தோன்றும். வியாழன் பயிற்சி, வெள்ளி தொலைபேசி, சனி ஆட்டம், ஞாயிறு சலவை. 1895-இன் கணக்குப்படி இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் வீதம் பெருக்கினால் கிளப் கட்டடத்தையே உங்கள் பேருக்கு எழுதிவைக்க வேண்டி வரும். அந்தக் கணக்கைப் போடாதீர்கள். போட்டாலும் வீட்டில் காட்டாதீர்கள். அன்று கூலி போகிறதே என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம், அதனால்தான் இந்த ஆட்டம் பிறந்தது. இன்றுவரை கேட்காமல் இருப்பவர்களால்தான் அது சிற்றூர்களில் பிழைத்துக் கிடக்கிறது.

ஆகவே காத்திருங்கள். ஏதாவது ஒரு வியாழக்கிழமை மழை வரும். மகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு ஒருவர் உள்ளே எட்டிப் பார்ப்பார். நாற்காலியை இழுத்துப் போடுங்கள். தேநீரில் சர்க்கரை இரண்டு கரண்டி போடுங்கள். ஆறு ஷில்லிங் தர நம்மால் முடியாது, சர்க்கரையையாவது தாராளமாகப் போடுவோம்.